தங்கப் பல்லைச் சுற்றிய முரசு

பாடசாலைப் பற்சிகிச்சைப் பயிற்சி முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் நியமனம் சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள ஒரு பாடசாலை. எங்கள் வீடு சாவகச்சேரிப் பக்கம். தினமும் இரண்டு பஸ் மாறி அலைய வேண்டாம் என்று பெரியப்பா வீட்டில் தங்கினேன். அவர் மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர். அவரோடு வந்தவை ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு சுவர் மணிக்கூடு, மேல்வரிசையில் முன்னால் மூன்று தங்கப் பற்கள். மூன்றில் நடுவில் இருந்தது பொய்ப்பல். அதைத் தாங்க இரு பக்கத்துச் சொந்தப் பற்களுக்கும் தங்க உறை போட்டு, மூன்றையும் ஒன்றாகப் பிணைத்திருந்தார்கள்.

நான் போன இரண்டாம் மாதம் அந்தப் பற்களைச் சுற்றி முரசு, அதாவது ஈறு, வீங்கியது. வாய் கொப்பளித்தால் இரத்தம் வந்தது. யாழ்ப்பாண நகரத்துப் பல் டொக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கருவியால் மெல்லத் தள்ளிப் பார்த்தார்.

“லேசா ஆடுது. பல்லிலை படிஞ்சிருக்கிற காறையை எடுத்துவிடுறன். ஆறு கிழமை பாப்பம். முரசு இறுகாட்டில் மூண்டையும் கழட்டவேண்டியதுதான்.”

திரும்பும் வழி முழுக்கப் பெரியப்பா நாக்கால் அந்தப் பற்களைத் தடவிக்கொண்டே வந்தார். காரணம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் ஊர்க் கோயிலில் புராணம் படிப்பவர் அவர். அவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் பொருள் சொல்வார். படிப்புத் தொடங்க இரண்டு மாதமே இருந்தது. முன்பற்கள் போனால் பாதி எழுத்துக் காற்றாகிவிடும். பல்லுச் செட்டு வைத்துப் படித்த ஒருவருக்கு நடுப்பாட்டில் அது மடியில் விழுந்த கதையை அவரே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்று மாலை கொப்பியில் பட்டியல் எழுதினேன். முரசு நோயை வளர்ப்பவை: சுருட்டு, சலரோகம், வெற்றிலை, சரியாகப் பொருந்தாத உறை, சுத்தக்குறைவு. ஒவ்வொன்றாக விசாரித்தேன். டிஸ்பென்சரியில் சலம் சோதித்ததில் சீனி இல்லை. வெற்றிலை போடுபவர் பெரியம்மா மட்டும். உறை பொருத்தம் என்று டொக்டரே சொல்லியிருந்தார். சுருட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

“ஒண்டுதானே பிள்ளை,” என்றார் பெரியப்பா.

“அந்த ஒண்டு எவ்வளவு நீளம் எண்டும் கேள்,” என்றார் பெரியம்மா.

“ரண்டு நேரமும் பல்லுத் தீட்டுறனீங்களோ பெரியப்பா?”

“ஓம். மலாயாவிலை இருந்தே பிறஷ்தான்.”

சுத்தக்குறைவு என்பதை வெட்டினேன். அது என் பிழை. பாடசாலைப் பிள்ளைகளிடம் கேள்வியோடு நிறுத்தமாட்டேன். தீட்டிக் காட்டச் சொல்வேன். பெரியப்பாவிடம் அப்படிச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

மூன்று கிழமை கழிந்தும் இரத்தம் நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். பெரியப்பா தீட்டிக்கொண்டு நின்றார். பிறஷ் இடப்பக்கம் நன்றாக ஓடியது. தங்கம் வந்ததும் ஒரு தாவுத் தாவி வலப்பக்கம் போனது. முடிந்ததும் துவாய் நுனியால் தங்கத்தின் முகத்தை மட்டும் மெதுவாக ஒற்றினார்.

“பெரியப்பா, நடுவிலை ஏன் விட்டிட்டியள்?”

“தங்கத்தையோ? அதுக்கேன் பிறஷ்? தங்கம் புழுக்குமே? கீறுதான் விழும்.”

“எவ்வளவு காலமா இப்பிடி?”

“போட்ட நாள் தொடக்கம்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். “தங்கத்துக்கு ஒண்டும் வராதுதான். அதைத் தாங்குற பல்லும் முரசும் தங்கமில்லையே, பெரியப்பா.”

தண்ணீர் அள்ள வந்த பெரியம்மா காதில் இது விழுந்தது. “என்ரை காப்பையே நான் கிழமைக்கு ஒருக்காத் தேய்ச்சுக் கழுவுறன். இவர் வாய்க்குள்ளை இருக்கிறதைக் கழுவேல்லையாம்.”

பெரியவர்களுக்குச் சிகிச்சை செய்ய எனக்கு அனுமதி இல்லை. தீட்டக் காட்டிக்கொடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. கண்ணாடி முன் இருத்தி, மென்மையான பிறஷை முரசின் ஓரம் சரித்துப் பிடிக்கப் பழக்கினேன். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் பொய்ப்பல்லின் அடியால் போகவில்லை. மீன்வலைக்காரர் பாவிக்கும் தங்கூசி என்ற மெல்லிய நைலோன் இழையை இரண்டாக மடித்து, அந்த வளையத்தில் நூலைக் கோத்து இழுத்தேன். போனது. நூலோடு வெளியே வந்த அழுக்கை அவரே மணந்து பார்த்து முகம் சுழித்தார்.

“இவரைத் திறவுங்கோ எண்டால் வாய் திறவாது. மூடுங்கோ எண்டால் மூடாது,” என்றார் பெரியம்மா.

முதல் சில நாள் இரத்தம் கூடியது. “உன்ரை வைத்தியத்தாலைதான்,” என்று முறைத்தார். பிறகு குறைந்தது. பிறகு நின்றது. ஆறாம் கிழமை டொக்டர் திரும்பவும் தள்ளிப் பார்த்தார்.

“இறுகியிட்டுது. கழட்டத் தேவையில்லை. சுருட்டையும் விட்டால் நல்லது.”

“பாப்பம்,” என்றார் பெரியப்பா.

படிப்புத் தொடங்கிய நாள் பெண்கள் பக்கத்தில் இருந்து கேட்டேன். பொருளில் என் மனம் நிற்கவில்லை, எழுத்துகளையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சிதறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் பிரசாத மோதகம் இரண்டு சாப்பிட்டார், கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார், சாய்மனைக் கதிரையில் இருந்து சுருட்டை எடுத்தார். என்னைப் பார்த்தார். அதை இரண்டாக முறித்து ஒரு பாதியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

என் பட்டியலின் முதல் சொல்லான ‘சுருட்டு’ என்பதை வெட்ட முடியவில்லை. அதற்குப் பக்கத்தில் ‘அரை’ என்று எழுதிக்கொண்டேன்.