ஆறு மணிக்குப் போன படம்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை, எங்கள் ஊர் அம்மன் கோயில் வாசலில் கைகட்டி நின்றேன். சுற்றிலும் ஊர்க்கூட்டம். நான் செய்த தப்பு – ஒரு போட்டோ.

பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் வழியில் என்ன ஆயிற்றோ என்று வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவன். ஏழாம் வகுப்போடு பையைத் தூக்கி வைத்துவிட்டு ஏரிக்கு இறங்கியவன். இப்போது நண்டு வியாபாரம். பழவேற்காடு ஏரியில் வலை விடும் நாலு படகுக்காரர்கள் எனக்கு நண்டு கொடுக்கிறார்கள். நானும் என் மனைவி செல்வியும் அதைப் பெட்டியில் அடுக்கி, ஷேர் ஆட்டோவில் பொன்னேரிக்குக் கொண்டுபோய், மின்சார ரயிலில் சென்னைக்கு அனுப்புகிறோம்.

வாங்குகிறவர்கள் எப்படி வந்தார்கள்? போன் வழியாகத்தான். சோஷியல் மீடியாவில் எங்களுக்கு ஒரு பேஜ் இருக்கிறது. படம் போடுவோம். பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பார்கள்.

பெரம்பூரில் ஒரு டீச்சரம்மா. ரிட்டயர் ஆனவர். எங்களுடைய முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். அவர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் – ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, உங்கள் பேஜில் போன வாரம் படித்ததை இந்த வாரம் தேடினால் கிடைக்க மாட்டேன் என்கிறது என்று. சரிம்மா, சரிம்மா என்பேன். வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை? பொன்னேரியில் சிறு வியாபாரிகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. நானும் செல்வியும் போயிருந்தோம். அங்கே பாடம் எடுத்த அம்மா, வெப்சைட் என்பது வீடு, பேஜ் என்பது சந்தை என்றார். வீட்டைத் தேடி யாரும் வரமாட்டார்கள், சந்தைக்கு எல்லோரும் வருவார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆனால் ஒரு நாள் நீங்கள் சந்தைக்குப் போகவில்லை என்றால், உங்கள் இடத்தில் இன்னொருத்தர் வந்து உட்கார்ந்துவிடுவார் என்றும் சொல்லிவிட்டார்.

என்னைப் போன்றவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். மழை வந்தால் எங்கள் ஊரில் சிக்னல் போய்விடும். காலை ஆறு மணிக்குப் படம் போட முடியாமல் போனால்..? அதற்கும் அந்த அம்மாவே வழி சொல்லிக் கொடுத்திருந்தார். முன்கூட்டியே படத்தை ஏற்றி, நாளும் நேரமும் குறித்துவிட்டால் போதும். அந்த நேரத்துக்குத் தானாகப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஏழு படம் எடுப்பேன். ஏழு காலைக்கும் நேரம் குறிப்பேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வரி – ‘இன்று விடியற்காலை எங்கள் ஏரியில் பிடித்த நண்டு.’ படம்தான் பழசு, அனுப்புகிற நண்டு அன்றன்றைக்குப் பிடித்தது. இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நினைத்தேன். நண்டுக்கு நண்டு முகம் மாறவா போகிறது?

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோதண்டம் மாமா இறந்துபோனார்.

ரத்த உறவு இல்லை. ஊர் முறையில் மாமா. எனக்கு நண்டு கொடுக்கும் நாலு படகில் ஒன்று அவருடையது. அவரும் மகன் தேசப்பனும் போவார்கள். நண்டை என் வீட்டில் இறக்கியதும் தேசப்பன் கிளம்பிவிடுவான். மாமா உட்கார்ந்து, கூலியும் கேட்காமல், ஒவ்வொரு நண்டுக்கும் கொடுக்கை மடக்கிக் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் கட்டினால் ரயிலில் அவிழ்ந்துவிடும் என்பது அவருடைய அபிப்பிராயம். உண்மையும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை வலை தைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆட்டோ திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும் வரை எந்தப் படகும் இறங்காது. எந்த வலையும் நனையாது. சொல்லித்தான் நிறுத்த வேண்டும் என்பதில்லை, தானாக நின்றுவிடும். மீறினால் பாடு போகும். பாடு என்றால் முறை – ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை விடலாம் என்று ஊர் வகுத்து வைத்திருப்பது. அது போனால், படகு இருந்தும் போக இடம் இல்லை.

நான் உடனே போனை எடுத்து, மறுநாளுக்கு ஆர்டர் கொடுத்திருந்த எல்லோரையும் கூப்பிட்டேன். ஊரில் சாவு, நாளைக்கு நண்டு கிடையாது என்று சொன்னேன். ஐஸ்காரரை வரவேண்டாம் என்றேன். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, புதன்கிழமை முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய் மாலையும் கோடித் துணியும் வாங்கி வந்தேன். செல்வி இழவு வீட்டில் பெண்களோடு இருந்தாள்.

உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன், ஞாயிற்றுக்கிழமை ஏற்றி வைத்த படத்தை மட்டும் மறந்துபோனேன்.

புதன்கிழமை சாயங்காலம், எல்லாம் முடிந்து வந்து குளித்துவிட்டு வாசலில் நின்றிருந்தேன். தேசப்பன் வந்தான். மொட்டைத் தலை. ஈர வேட்டி. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை செய்யும் அவன் சித்தப்பா மகன், மாமாவின் சாவுக்கு வரும் வழியில் பஸ்ஸில் பேஜைப் பார்த்திருக்கிறான். காரியம் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு அப்புறம்தான் சொல்லியிருக்கிறான்.

“மச்சான்… எங்க நைனா வாசல்ல கெடக்கறப்ப எவன் வலை வுட்டது?”

எனக்கு முதலில் புரியவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். காலை ஆறு மணி. ஒரு கூடை நண்டு. ‘இன்று விடியற்காலை எங்கள் ஏரியில் பிடித்த நண்டு.’ கீழே வரிசையாக இதயங்கள். சூப்பர் என்று ஒருவர். எனக்கு ஒரு கிலோ என்று இன்னொருவர்.

பழைய படம்டா என்றேன்.

“பழசுன்னா, இன்னைக்கு விடியக்காலைனு இன்னாத்துக்கு எழுதிக்கீற?”

அந்த வாரத்துக்கு ஏற்றி வைத்திருந்த மீதிப் படங்களை அவன் எதிரிலேயே எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கூட்டம். என் நாலு படகில் தேசப்பனுடையது போக மீதி மூன்று. சந்தேகம் முழுக்க அந்த மூன்றின் மேல். மூவரும் ஒரு ஓரமாக, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றிருந்தார்கள். அதில் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை பாடு. பல நாள் காத்திருந்து வருகிற முறை. அவர் மனைவி, பெண்கள் நின்றிருந்த வேப்பமரத்தடியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். என் கை போட்ட படத்துக்கு, கடலுக்கும் போகாத ஏரிக்கும் போகாத மூன்று பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள்.

நான் விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமையே ஏற்றிவிடுவேன், நேரம் வந்தால் தானாகப் போகும் என்றேன். ஊர்த்தலைவர் வயதானவர், பொறுமைசாலி. ஆனால் இது அவர் பொறுமைக்கும் மேலே.

“நீ போடல, போனே போட்டுக்கிச்சுன்ற?”

“ஆமாங்க.”

“அப்டியே அத்தயே ஏரிக்கு அனுப்புடா. நண்டும் புடிச்சிக்கினு வரட்டும்” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிலர் சிரித்தார்கள். அந்த மூன்று பேர் சிரிக்கவில்லை. தேசப்பனும் சிரிக்கவில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன் என்பதற்கு சாட்சி யார்? நண்டு சொல்லுமா?

எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் நடுவே வருவதில்லை. மரத்தடியில் நின்று கேட்பார்கள், அவ்வளவுதான். செல்வி வந்தாள். என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். கூடையின் ஓரத்தில், கயிற்றை முடிந்துகொண்டிருக்கும் ஒரு கை. அத்தனை முறை பார்த்தும் நான் கவனிக்காத கை. அவள் தலைவரிடம் போகவில்லை. நேராக தேசப்பன் முன்னால் நீட்டினாள்.

“இது யாரு கைனு நீயே சொல்லுப்பா.”

சுண்டு விரல் மடங்கியிருந்தது. எப்போதோ கெளுத்தி முள் குத்திப் பழுத்து, அப்படியே நின்றுவிட்ட விரல்.

தேசப்பன் போனை வாங்கினான். வெகுநேரம் பார்த்தான். திரை அணைந்தது. செல்வி தொட்டு எரியவைத்தாள். மறுபடி பார்த்தான்.

“நைனா கை” என்றான்.

செவ்வாய்க்கிழமை செத்தவர் புதன்கிழமை நண்டு கட்டமாட்டார். அந்த மூன்று பேரும் தலை நிமிர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை பாடு உள்ளவரின் மனைவி முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

அவர்கள் விவகாரம் முடிந்தது. என் விவகாரம்? படத்தை அழித்துவிட்டு ஊரிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்றார் தலைவர். நான் விழுந்து கும்பிடவும் தயாராக இருந்தேன். அழிக்க விரல் வைத்தேன். தேசப்பன் தடுத்தான்.

“அழிக்காத மச்சான். மேல எழுதிக்கீறத மாத்து. எங்க பொய்யப் போட்டியோ அங்கியே நெசத்தப் போடு.”

அங்கேயே நின்று எழுதினேன். இரண்டு இடத்தில் செல்வி திருத்தினாள். ‘இது ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம். இதில் தெரிவது எங்கள் ஊர் கோதண்டத்தின் கை. செவ்வாய்க்கிழமை அவர் இறந்துபோனார். புதன்கிழமை எங்கள் ஊரில் யாரும் வலை விடவில்லை. இன்று பிடித்தது என்று நான் எழுதியது பொய்.’

ஊரிடம் ஒப்புக்கொள்வது ஒரு விதம். சென்னையிடம்? இத்தனை நாள் சேர்த்த வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் போய்விடுவார்கள் என்று மணிக்கொரு தரம் பேஜைத் திறந்து பார்த்தேன். சிலர் போகவும் செய்தார்கள். சொல்லாமல் போனார்கள். சிலர் மாமாவுக்கு இரங்கல் எழுதினார்கள். டீச்சரம்மா போன் செய்தார்.

“அப்போ மத்த நாள் போட்ட படமெல்லாம், தம்பி?”

“எல்லாமே ஞாயித்துக்கெழம எடுத்ததுதாம்மா. நண்டு மட்டும் அன்னன்னைக்குப் புடிச்சது.”

சரி தம்பி என்று போனை வைத்துவிட்டார். அதை மட்டும் எப்படி நம்புவது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். பேஜுக்கு ஒரு குணம் உண்டு. தினமும் காலையில், இன்று என்ன, இன்று என்ன என்று கேட்கும். எங்கள் தொழிலில் ‘இன்று ஒன்றுமில்லை’ என்கிற நாள்தான் எத்தனை! சாவு, திருவிழா, காற்று, மீன்பிடித் தடைக்காலம், முகத்துவாரத்தில் மணல் மேவி ஏரிக்குள் கடல்தண்ணீர் வராமல் போகிற காலம்… வியாபாரப் பாடம் இதையெல்லாம் இடைவெளி என்கிறது. இடைவெளி விட்டால் நஷ்டம் என்கிறது. இருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் சில இடைவெளிகள் மரியாதை. அந்த மரியாதையை நானே ஆறு மணிக்கு நேரம் குறித்து அடைத்து வைத்திருந்தேன்.

டீச்சரம்மா சொன்ன வெப்சைட்டை இப்போது வைத்துவிட்டேன். பொன்னேரியில் பிரவுசிங் சென்டர் நடத்தும் அக்கா செய்து கொடுத்தார். என்னென்ன போட வேண்டும் என்று கேட்டார். நண்டை எப்படிக் கட்டுகிறோம், எப்படி அனுப்புகிறோம், எந்தெந்த நாளில் விற்கமாட்டோம் என்றேன். விற்காத நாளை யார் போடுவார்கள் என்று சிரித்தார். போடுங்கக்கா என்றேன். முதல் வாரம் அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். நான், செல்வி, டீச்சரம்மா.

வியாபாரம் வளர வெப்சைட்டா, பேஜா? எழுதிக் கேட்டிருந்தீர்கள் சிலர். புது ஆளைக் கூட்டி வருவது பேஜ்தான், அதை மறுக்க முடியாது. அதனால் அதை மூடவில்லை. ஆனால் என்றைக்கும் மாறாததை வெப்சைட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று என்று எழுதினால் அது இன்றாக இருக்க வேண்டும், அதை மட்டும் பேஜில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு படம் எடுப்பதை விட்டுவிட்டேன். சில காலை சிக்னல் இருப்பதில்லை. பேஜ் வெறுமனே கிடக்கிறது. என் இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. அடித்துக்கொள்ளட்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, போன வாரம் தேசப்பன் நண்டு கொண்டுவந்தான். வருவானா மாட்டானா என்று நான் கேட்கவே இல்லை. கூடையை இறக்கிவிட்டு வழக்கம்போலக் கிளம்பவில்லை. அவன் நைனா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கயிறு கட்டினான். செல்வி படம் எடுக்கும்வரை இருந்தான். அப்புறம் தன் போனை எடுத்து, எங்கள் பேஜ் பேரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தேடினான்.

இப்போது எங்களைப் பின்தொடர்கிறவர்களில் அவனும் ஒருவன். லைக் போடுவதில்லை – பார்க்கிறான்.