கார் கப்பல் ஏறக் கூடாது என்று வேண்டினேன்

தாயின் பிள்ளைகள் எல்லோருக்கும் பக்கிரிசாமியின் கும்பிடு. வலங்கைமான் மாரியம்மன் எனக்குச் செய்ததை எழுதச் சொல்லிப் பலபேர் கேட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் தள்ளிப் போட்டேன். இந்தச் சாட்சியில் முதலில் சொல்ல வேண்டியது என் பக்தியை அல்ல, என் கெட்ட புத்தியை. அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொன்னால், அம்மன் பெயரால் பொய் சொன்ன பாவம் வந்து சேரும்.

எண்பதுகளின் நடுவில், ஒரு ஆனி மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டுச் செம்மண் பாதையில் எங்கள் ராலி கார் ஒரு மதகுச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. ஓட்டியவன் ரகுபதி. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவன் நான். எனக்குத் தோள்பட்டை இறங்கியது, அவ்வளவுதான். ரகுவின் ஹெல்மெட்டைக் கழற்றியபோது இரண்டு காதிலும் ரத்தம் வந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்தார். "மண்டைக்குள்ள வீக்கம். உயிர் இருக்கு. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. சாமிய வேண்டிக்குங்க" என்றார்.

எனக்கு வேண்டிக்கொள்ளப் பயமாக இருந்தது. ஏனென்றால் நான் ஏற்கெனவே ஒன்று வேண்டியிருந்தேன்.

ரகு எங்கள் ஊர் மிராசுதாரின் ஒரே மகன். என் அப்பா கலியபெருமாள் அவர்கள் நிலத்தில் முப்பது வருஷக் குத்தகைக்காரர். நான் கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் மெக்கானிக். அங்கே காரை ரிப்பேருக்குக் கொண்டுவந்த ரகு, எனக்கு நல்ல வாசிப்பும் கணக்கும் வருவதைப் பார்த்துவிட்டு, "எங்கூட வர்றியா? பக்கத்துல உக்காந்து படிக்கணும்" என்றான். அப்படித்தான் நான் ராலிக்குப் போனேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராலி என்பது மைதானத்தைச் சுற்றி ஓடும் பந்தயம் இல்லை. காட்டுப் பாதையில் ஒவ்வொரு காராக விடுவார்கள். குறைந்த நேரத்தில் முடிப்பவனுக்கே ஜெயம். முதல் நாள் அந்தப் பாதையில் மெதுவாகப் போய், ஒவ்வொரு வளைவையும் நோட்டில் எழுதிக்கொள்வோம். 'வலது ஒன்று' என்றால் கொண்டை ஊசி. 'வலது ஐந்து' என்றால் லேசான வளைவு. 'நேர், இருநூறு' என்றால் இருநூறு மீட்டர் நேர்பாதை. மறுநாள் நான் வாசிப்பேன். கண்ணுக்குத் தெரியாத வளைவை ரகு என் வாயை நம்பித் திருப்புவான். என்ஜின் சத்தத்தில் பதில் பேச முடியாது. காதில் விழுந்ததற்கு அடையாளமாக ஸ்டீயரிங்கில் விரலால் இரண்டு தட்டு தட்டுவான். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

காருக்குள் கதவை மூடிவிட்டால் நான் அவனை "ரகு" என்பேன், "வாடா போடா" என்பேன். கதவைத் திறந்து இறங்கினால் "சின்னய்யா, வாங்க, போங்க". யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊர்க் காற்றே அப்படி.

அந்த வருஷம் தென்மண்டல சாம்பியன்ஷிப்பில் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். இன்னும் இரண்டு ராலி பாக்கி. கோப்பை கைக்கு வந்த மாதிரிதான். அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து ஒரு டயர் கம்பெனிக்காரர் வந்தார். ஆப்பிரிக்காவில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப் சுற்றுக்கு ஒரு காரை அனுப்புகிறோம், பாதிச் செலவு எங்களுடையது, மீதி உங்களுடையது என்றார். ஆடி முடிவதற்குள் கார் கப்பலில் ஏற வேண்டும். ஏறினால் தென்மண்டலத்தின் கடைசிச் சுற்று போச்சு, கோப்பையும் போச்சு. இங்கே இருந்தால் அங்கே இல்லை. அங்கே போனால் இங்கே இல்லை.

ரகு ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தான். "மண்டலக் கோப்பைய வாங்கினா அலமாரியில இருக்கும். அங்க போயி நாப்பதாவதா வந்தாக்கூட உலகத்துலயே நாப்பதாவது ஆளுடா" என்பான். அடுத்த நாளே, "கைல இருக்கறத விட்டுட்டுப் போறதும் பயமாத்தான் இருக்கு" என்பான்.

மீதிச் செலவுக்கு மிராசுதார் ஒரு வேலி, அதாவது ஆறரை ஏக்கருக்கு மேல், நிலத்தை விற்பதாக முடிவு செய்தார். அது என் அப்பாவும் இன்னும் மூன்று குடும்பங்களும் சாகுபடி செய்த நிலம்.

அன்றைய நிலவரம் உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். முக்குக்கு முக்கு ஆளும் கட்சிக் கொடியும் எதிர்க்கட்சிக் கொடியும் பறந்தன. வயல் வரப்பில் சிவப்புக் கொடி. அறுப்புக்குப் போலீஸ் வந்து நிற்கும். முந்தைய தை மாதம்தான் பக்கத்து ஊரில் வைக்கோல் போரைக் கொளுத்தி, ஒருத்தனுக்குக் கை வெட்டுப்பட்டது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து சமையல்காரர் பெயரிலும் செத்துப்போன அத்தை பெயரிலும் நிலம் வைத்திருந்த மிராசுதார், "கொடி நட்ட நிலத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது" என்று விற்பதற்குச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

குத்தகைப் பதிவு செய்துகொண்டால் நிலத்தை விட்டு யாரும் எழுப்ப முடியாது என்று விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் அப்பாவிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். அப்பா கேட்கவில்லை. "அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிங்க போயி எழுதிக் குடுக்கறது?" என்றார். அந்தத் தாட்சண்யம்தான் எங்களுக்கு எமன். நிலம் கைமாறினால் நாங்கள் வெறும் கூலி ஆள்.

இது ரகுவுக்குத் தெரியாது. ஏதோ ஒரு துண்டு நிலம் என்று மட்டும் அவன் அப்பா சொல்லியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் அவன் வீட்டுக் களத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்தோம். "பக்கிரி, நீயே சொல்லு. நீ இடதுன்னா இடது, வலதுன்னா வலது. ஆப்பிரிக்காவா, இங்கயேவா?" என்றான்.

நாக்கு நுனிவரை வந்தது. அது எங்க நிலம்டா என்று சொல்ல ஒரு நொடி போதும். காருக்குள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நாங்கள் நின்றது களத்தில். மாடியில் அவன் அப்பா நின்றார். "உங்க இஷ்டம் சின்னய்யா" என்றேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வழி சொல்வதே தொழிலாக வைத்திருந்த எனக்கு, சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் இல்லை.

ஆனால் வயிறு எரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை நேராக வலங்கைமான் போனேன். அம்மன் முன்னால் நின்று, "தாயே, அந்தக் கார் கப்பல் ஏறக் கூடாது. எப்படியாவது தடுத்துடு" என்று வேண்டினேன். எப்படியாவது என்றேன். அந்த ஒரு சொல் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

ரகு இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான். "இந்த ஞாயித்துக்கெழம ராலிய ஓட்டிப் பாப்போம். ஜெயிச்சா அந்தத் தெம்புல ஆப்பிரிக்கா. இல்லைன்னா இங்கயே" என்றான். அதுதான் கந்தர்வக்கோட்டை ராலி.

அன்றைக்கு என் மனசு நோட்டில் இல்லை. நாம் ஜெயித்தால் அப்பா தெருவில் நிற்பார் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. வேர்த்த கையால் தாளைப் புரட்டினேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டது. நடுவில் போன தாளில், 'வலது இரண்டு, மதகு, கவனம்' என்று என் கையாலேயே எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். நான் வாசித்தது அடுத்த தாளை. "நேர், இருநூறு" என்றேன். ரகு ஸ்டீயரிங்கில் இரண்டு தட்டு தட்டினான். மிதித்தான்.

வேண்டுமென்றே செய்யவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அது தோற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவனின் கை. அது எவ்வளவு தூரம் வேண்டுமென்றே இல்லை என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ரகு கண் திறக்கவில்லை. அவன் அம்மா மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். நாலாம் நாள் மிராசுதாரின் காலில் விழுந்து தாள் புரண்டதைச் சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எழுந்திரு. போய் எதாவது சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கிருந்து பஸ் ஏறி வலங்கைமான் வந்தேன். சன்னதியில் நின்று அழுதேன். "தாயே, கப்பல் ஏறக் கூடாதுன்னுதானே கேட்டேன். அவன ஏன் எடுக்கற? நெலம் வேணாம். ஒண்ணும் வேணாம். அவன எழுப்பிக் குடு. பங்குனியில பாடைக் காவடி எடுக்க வைக்கிறேன்" என்று வேண்டினேன். சாவு வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் பிணம்போலப் பாடையில் படுத்து அவள் கோயிலைச் சுற்றி வருவது நீங்கள் அறிந்ததுதான். தாள் புரண்டதையும் என் வாயாலேயே கேட்ட பூசாரி திருநீறு கொடுத்து, "ஆத்தா புள்ளை மண்டைய ஒடைக்கறவ இல்லப்பா. ஒடைச்சது ஒன் கை. ஒட்டவைக்கச் சொல்லி அவகிட்ட கேளு" என்றார். அந்தப் பேச்சு சுட்டது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் பிழைத்தேன்.

பதினோராம் நாள் காலை. நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். ரகுவின் வலது ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியைத் தொட்டு இரண்டு முறை அசைந்தது. எல்லோரும் நரம்பு துடிக்கிறது என்றார்கள். எனக்குத் தெரியும். மறுநாள் கண் திறந்தான். தாய் அவனைத் திருப்பிக் கொடுத்தாள்.

முழுசாகக் கொடுத்தாளா என்று கேட்பீர்கள். இல்லை. இடது கண் போனது போனதுதான். இடது கால் இழுத்தபடிதான் நடக்கிறான். மண்டலமும் இல்லை, உலகமும் இல்லை; அதன் பிறகு அவன் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. மெட்ராஸில் இரண்டு ஆபரேஷன். அதற்காக அந்த ஒரு வேலி நிலம் விற்றுப் போனது. வாங்கியவர் செங்கல் சூளைக்காரர். நெல் விளைந்த மண்ணை ஆளுயரத்துக்கு வெட்டி எடுத்தார். எந்த நிலத்துக்காக அந்தப் பாழாய்ப்போன வேண்டுதலைச் செய்தேனோ, அது இன்றைக்குக் குளம்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நெலம் போனா கூலிக்குப் போயிக்கலாம். அந்தப் புள்ளகிட்ட சொன்னியா?" என்றார்.

ஐப்பசியில் ரகுவிடம் சொன்னேன். நிலத்தை, வேண்டுதலை, இரண்டு தாளை. ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். "அடப்பாவி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா மண்டலமே போதும்னு இருந்திருப்பனேடா" என்றான். அப்புறம் நாலு மாதம் என்னோடு பேசவில்லை. விபத்தைவிட அந்த நாலு மாதம்தான் எனக்குத் தண்டனை. தினமும் தாயிடம் போய் நின்றேன். எதுவும் கேட்கவில்லை, நின்றேன்.

மாசிக் கடைசியில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். "வேண்டிக்கிட்டவன் நீ. படுக்க வேண்டியவன் நானா?" என்றான். தலையாட்டினேன். "சரி, படுக்கறேன். யாரு தூக்கறது?" என்றான்.

அவன் உறவுக்காரர்கள் யாரும் வரவில்லை. மிராசுதார் மகன் பாடையில் போவதா என்று கௌரவம் பார்த்தார்கள். பங்குனி இரண்டாம் ஞாயிறு, நாலு மூலைக்கும் தோள் கொடுத்தவர்கள் என் அப்பாவும், அதே நிலத்திலிருந்து எழுப்பப்பட்ட மூன்று பேரும்தான். நான் கூப்பிடவில்லை. விடியற்காலையில் குளித்துவிட்டுத் தாங்களாகவே வந்து குடமுருட்டிக் கரையில் நின்றார்கள். மிராசுதார் அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். குடத்தால் ஊற்றினோம். நெற்றியில் காசு வைத்து, வாயைக் கட்டி, கண்ணை மூடி, பச்சை மூங்கில் பாடையில் படுக்க வைத்தோம். தீச்சட்டியோடு நான் முன்னால் நடந்தேன். பறை முழங்கியது. நாலடி போவதற்குள் அப்பா, "பக்கிரி, புள்ள நடுங்குது" என்றார். விபத்துக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு அசைவதென்றால் அவனுக்கு உயிர் போகிற பயம். பாடையின் குலுக்கல் ஒவ்வொன்றுக்கும் அவன் உடம்பு விறைத்தது.

நான் சட்டியோடு பின்வாங்கி அவன் தலைமாட்டுக்கு வந்தேன். "ரகு" என்றேன். காருக்கு வெளியே, ஊர் பார்க்க, அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கரை ஏத்தம், இருவதடி. மெதுவா. மேட்டுக்கு மேல வலது ரெண்டு. அப்பறம் நேர், அம்பது. இடதுல டீக்கடை. பள்ளம், கவனம்" என்று வாசித்தேன். கையில் நோட்டு இல்லை. ஒரு வளைவையும் விடவில்லை.

அவன் விரல் பாடை மூங்கிலில் இரண்டு தட்டு தட்டியது.

கோயில் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன். மூன்று சுற்றுக்கும் சொன்னேன். பூசாரி தண்ணீர் தெளித்து, "எழுந்திரு" என்றார். என் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ரகு எழுந்தான்.

தாயே, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! கெட்டதைக் கேட்டவனை நீ தள்ளவில்லை. அவன் உயிரையும் கொடுத்தாய், என் வாயையும் திருப்பிக் கொடுத்தாய்.

பிள்ளைகளே, டாக்டர் கைவிட்டாலும் அவளிடம் வாருங்கள், பாடையில் படுக்கும் நிலைமை வந்தாலும் நம்பி வாருங்கள். ஆனால் வருகிற வழியில், யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். பங்குனி இரண்டாம் ஞாயிறு எங்களைப் பார்க்கலாம். ஒற்றைக் கண்ணோடு காலை இழுத்து ஒருவன் வருவான். பக்கத்தில் ஒரு கிழவன் மேடு பள்ளம் சொல்லிக்கொண்டு வருவான். அவன் தோளில் இரண்டு தட்டு விழும்வரை அடுத்ததைச் சொல்ல மாட்டான்.