ஓரகத்தியின் முகத்துக்கு ஆக்சிஜன் நுரை

அந்த நர்ஸ் தோல் மருத்துவமனையில் சேர்ந்து பதினோரு வருடம். லேசர் அறையிலிருந்து வெந்து சிவந்து வரும் முகங்களுக்கு ஆக்சிஜன் கலந்த நுரையைத் தடவுவதுதான் அவளுக்கு முக்கால்வாசி வேலை. எரிச்சல் சீக்கிரம் அடங்கும் என்று டாக்டர் நம்பினார். அவளுக்குக் கை அவ்வளவு லேசு. அவள் கன்னத்திலேயே பழைய பருக்கள் விட்டுப்போன குழிகள் இருந்தன. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை லேசர் முடிந்து வந்து படுத்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. நெற்றியில் இருந்தது உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற தழும்பு. அதற்குத்தான் இத்தனை பாடு!

"நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா. அவர் கேக்கல, லீவு போட்டுக் கூட்டிட்டு வந்துட்டார்."

நர்ஸுக்கு வயிறு பற்றி எரிந்தது. இவள் வீட்டுக்காரர் இவளுடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தே எத்தனை நாளாயிற்று!

இருவரும் ஒரே வீட்டின் மாடியும் கீழுமாக இருந்ததால், மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் நுரை தடவும் பொறுப்பும் இவள் தலையில் விழுந்தது. இரண்டாம் நாள் மாலை மாடிப்படி ஏறும்போது மாமியாரின் குரல் காதில் விழுந்தது.

"அதுக்குள்ள முகம் எப்படித் தெளிஞ்சிடுச்சு பாரேன்! சிலர் முகம் என்ன பண்ணினாலும் தேறாது."

அந்தச் "சிலர்" யாரென்று இவளுக்குத் தெரியாதா? நுரைக் குப்பி கைப்பையில் இருந்தும், "தீர்ந்துபோச்சு, நாளைக்குக் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை ஓரகத்தியின் நெற்றியில் ஒரு நகக்கீறல். அரிப்பு தாங்காமல் தூக்கத்தில் சொறிந்துவிட்டிருந்தாள். இவள் கைப்பையிலிருந்து குப்பியை எடுத்து வைத்தாள்.

"குப்பி தீரல. பையிலதான் இருந்துச்சு. எனக்குத்தான் மனசு வரல."

"பை திறந்துதான்க்கா இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு எப்படிக் கேக்கறது?" ஓரகத்தி முகத்தை நீட்டினாள். "இப்பவாவது தடவுங்க, எரியுது."

தடவினாள். அடுத்த ஐந்து நாளும் ஒரு வேளை தவறாமல் தடவினாள். அந்த நாட்களில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கீறல் மறைய மூன்று வாரம் பிடித்தது. முகம் பளிச்சென்று ஆனபோது இவளுக்கு மறுபடியும் வயிறு எரியத்தான் செய்தது.

அன்று மத்தியானமே டாக்டரிடம் தன் கன்னத்தைக் காட்டினாள்.

"முழுசாப் போகாதும்மா. பாதி குறையலாம்."

"பாதி போதும் டாக்டர்" என்று சொல்லி, அடுத்த மாதத்துக்கு நாள் குறித்துக்கொண்டாள்.