தூக்கம் கேட்ட பேய்

உனக்கு எதுக்குடி இந்த ஊர் வம்பெல்லாம்? நர்ஸ் வேலையில் சேர்ந்து முழுசாய் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் என் அத்தைக்குப் பேய் பிடித்த கதை வேண்டுமாம் மகாராணிக்கு. கேட்டுவிட்டு நைட் டியூட்டியில் பயந்து அலறினால் என் பேரைச் சொல்லக் கூடாது, ஆமாம்.

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராய் மறியல் நடந்த சமயம் அது. புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ்கூட வரவில்லை. பள்ளிக்கூடம் இல்லாததால் எனக்கு அது திருவிழா. கஷ்டமெல்லாம் அப்பாவின் தங்கைக்குத்தான். கல்வராயன் மலையடிவார ஆஸ்பத்திரியில் அத்தை நர்ஸ். டாக்டரும் வர முடியவில்லை, மாற்று நர்ஸும் வர முடியவில்லை. மண்டை உடைந்து வந்தவர்களுக்கும், மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்த பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் ராப்பகலாய் இவள் ஒருத்திதான். அதில் ஒருத்தி அத்தையின் கையிலேயே போய்விட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. புருஷன்காரன் அத்தை மேல் மண்ணை வாரித் தூற்றினானாம்.

ரோடு திறந்ததும் வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் படுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசியைக் கொதிக்கவைப்பதுபோல எங்கள் வீட்டு டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு அவித்தாள். தெருவில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய், "மெதுவா எறக்குங்க, மெதுவா" என்பாள். வண்டியில் இருந்தது எரு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"டாக்டராண்ட காட்டலாங்க," என்றாள் அப்பாவிடம்.

"இன்னான்னு காட்டறது? நர்ஸுக்கே புத்தி கலங்கிச்சுன்னு தெரிஞ்சா வேலையில வச்சிப்பானா?"

அப்பா பூசாரியைக் கூட்டி வந்தார். செத்துப்போன மலைக்காரிதான் ஏறியிருக்கிறாள் என்று பூசாரி வாசலிலேயே சொல்லிவிட்டார்.

அத்தையை நடுவீட்டில் உட்காரவைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். அடுப்பில் அரிவாள் நுனி சிவந்துகொண்டிருந்தது. கற்பூரம் அணைவதற்குள் பேய் வாய் திறக்காவிட்டால் அத்தையின் முன்கையில் சூடு. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு நீ? சொல்லு!" வேப்பிலையால் சுளீர் சுளீரென்று அடித்தார்.

அத்தை அசையவில்லை. கற்பூரம் பாதி கரைந்திருந்தது.

"இன்னா வோணும் ஒனக்கு? கோழியா? பொடவையா? சாராயமா?"

அத்தை மெல்லத் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். "நல்லாக் காயட்டும். அரகொறையா எடுத்தா சீழ் புடிச்சிக்கும்," என்றாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சுடர் சுருங்கிக்கொண்டே வந்தது. பூசாரி அரிவாளை எடுக்கச் சொல்லி அப்பாவுக்குக் கையைக் காட்டினார். அப்பா எடுத்தார். எடுத்தவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"கடசியா கேக்குறேன். இன்னா வோணும்?"

"தூங்கணும்," என்றாள் அத்தை. "கதவ சாத்திக்கினு தூங்கணும். யாரு வந்து கூப்ட்டாலும் என்ன எழுப்பக் கூடாது."

பூசாரி திருதிருவென்று விழித்தார். பேய் வாய்விட்டுக் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், அது அவர் தொழிலின் சட்டம். ஆனால் இப்படிக் கேட்ட பேயை அவர் பார்த்ததில்லை.

"கேட்டத குடுத்துடுங்க," என்றார் கடைசியில்.

அப்பா அரிவாளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது சீறி அடங்கியது. அம்மா பாய் விரித்தாள். அப்பா தெருமுனையில் போய் நின்று, வந்த வண்டியையெல்லாம் வேறு தெரு வழியாகத் திருப்பிவிட்டார். பூசாரி கோழி கிடைக்காத வருத்தத்தோடு நடையைக் கட்டினார். மறுநாள் குழாயடிக்கு நான் குடத்தோடு போனபோதும் அத்தை எழுந்திருக்கவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏண்டி, பேயி இன்னாடி கேட்டுச்சு?"

எனக்கு விளங்கியது அவ்வளவுதான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்:

"கோழி வாணாங்குது, பொடவ வாணாங்குது. தூங்கணுமாம். சரியான சோம்பேறிப் பேயி!"