ரெங்கம் ஸ்டேஷனில் நான் போட்ட கூச்சல்

ஜப்பான்காரன் காலத்தில் நான் தினமும் லாயாங் லாயாங்கிலிருந்து குளுவாங்குக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுவிட்டதால் கூலியும் இல்லை. குளுவாங்கில் கிழிந்த சீருடைகளைத் தைக்கும் கொட்டகை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. பத்து நாளைக்கு ஒருமுறை சிறு பை அரிசி கொடுப்பார்கள். அந்த அரிசிக்காகத்தான் போனேன்.

கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். காலை ஏழு மணி ரயில் என்பார்கள். வெளியே கும்மிருட்டாக இருக்கும். நான்கு வயது மகளைத் தூக்கத்தோடு தூக்கிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவேன். எங்களுக்குக் கிடைத்தது மேல்கூரை இல்லாத சரக்குப் பெட்டி. நிலக்கரி கிடைக்காத காலம், இன்ஜின் விறகில் ஓடியது. புகையோடு நெருப்புப் பொறியும் வந்து விழும். என்னிடம் இருந்த இரண்டு சேலையிலும் சல்லடை மாதிரி ஓட்டை. கொஞ்ச நாளில் நாங்களே வழி கண்டுபிடித்தோம். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொள்வது, இன்ஜினுக்கு முதுகு காட்டி நிற்பது, காலை மாற்றி மாற்றி ஊன்றுவது. நின்றுகொண்டே தூங்கவும் பழகிக்கொண்டேன்.

ரெங்கத்தில் ஒரு சீனப் பெண் ஏறுவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பெரிய மூங்கில் கூடை நிறைய கீரையோடு வந்து குளுவாங் சந்தையில் விற்பாள். சாயங்காலம் திரும்பும்போது கூடை காலியாக இருக்கும். அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் நான் நிற்க முடியாமல் தள்ளாடுவதைப் பார்த்து எழுந்து, "டுடுக், டுடுக்" என்று கூடையைத் தட்டிக் காட்டினாள். உட்கார் என்று அர்த்தம். அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. பாதி வழியில் இன்ஜினுக்கு விறகு ஏற்ற ரயில் நிற்கும். அதுவரை அவள் உட்காருவாள். அதற்குப் பிறகு ரெங்கம் வரை நான். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் சந்தை மலாய் கொஞ்சம் தெரியும். பேச்சு அதிகம் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஏறியவுடன் என் கண் அவளைத்தான் தேடும்.

அரிசி கொடுக்கும் நாள் ஒன்று வந்தது. மகளுக்கு ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு. மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே அழுதாள். இன்றைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிடலாம் என்று காலையிலிருந்து அதே நினைப்பு. அரிசி கொண்டுபோகக் கொட்டகையில் கொடுத்த அனுமதிச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிசிப் பையோடு சாயங்கால ரயிலில் ஏறினேன்.

அன்றைக்கு மட்டும் அவள் கூடையைக் கவிழ்க்கவில்லை. மேலே கோணிச்சாக்கைப் போட்டு மூடியிருந்தாள். ஆனாலும் விறகு ஏற்றும் இடம் வந்ததும் வழக்கம்போல எனக்கு இடம் விட்டாள். கூடை விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்து, பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். விறகு ஏற்ற இறங்கிய ஆண்கள் முட்டி மோதிக்கொண்டு திரும்ப ஏறினார்கள். நான் அப்படியே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது ரயில் ரெங்கத்தில் நுழைந்துகொண்டிருந்தது. காலடியில் பை இல்லை. அவள் இறங்குவதற்காகக் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். காலிக் கூடையைத் தூக்குகிறவள் அப்படி மூச்சுப் பிடிக்க மாட்டாள்.

நான் எதையும் யோசிக்கவில்லை. கூடையைப் பிடித்து இழுத்தேன்.

"பெராஸ் சாயா! பெஞ்சூரி! என் அரிசி! திருடி, திருடி!"

மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்தினேன். அவள், "தக் அம்பில், சாயா தக் அம்பில்" என்று கையை ஆட்டினாள். நான் எடுக்கவில்லை என்கிறாள். என் காதில் அது ஏறவே இல்லை.

அந்தக் காலத்தில் திருடி என்ற வார்த்தைக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். திருடியதாகப் பிடிபட்டவர்களை என்ன செய்தார்கள் என்பதைக் குளுவாங் போகிற வழியில் நானே பார்த்திருக்கிறேன். தெரிந்தும்தான் கத்தினேன்.

பிளாட்பாரத்தில் நின்ற ஜப்பான் சிப்பாயும் ஒரு மலாய்க் கான்ஸ்டபிளும் ஓடி வந்தார்கள். எங்கள் இருவரையும் கீழே இறக்கினார்கள். சிப்பாய் கூடையை உதைத்துச் சாய்த்தான். கோணிச்சாக்குக்குக் கீழே துணியில் சுற்றிய அரிசி இருந்தது. அவ்வளவுதான், அவள் கன்னத்தில் ஓர் அறை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவளை மண்டிபோட வைத்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் துணி என்னுடையது அல்ல. என் பை நான் பழைய பாவாடையில் தைத்தது. இது நீலக் கட்டம் போட்ட துணி.

அதே நேரத்தில் பெட்டியிலிருந்து ஒரு குரல் கேட்டது. தண்டவாள வேலைக்குப் போகும் நம் ஆள் ஒருவர், பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உன் பை இங்க கிடக்குது! விறகு ஏத்தின ஆளுங்க காலால தள்ளியிருப்பாங்க போல. மூட்டைக்குப் பின்னால போயிருச்சு. எடுத்துக் காட்டட்டுமா?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அவள் திருடி இல்லை என்று ஆகியிருக்கும். ஆனால் அவளிடம் இருந்தது கள்ள அரிசி என்று ஆகிவிடும். அனுமதிச் சீட்டு இல்லாமல் அரிசி கொண்டுபோவது அன்றைக்குப் பெரிய குற்றம். எப்படிப் பார்த்தாலும் நான் போட்ட கூச்சல் அவளைக் கொண்டுபோய்விடும்.

கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாதது என் நல்ல நேரம். திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். "வேணாம்ண்ணே. அது மேல உட்காந்துக்குங்க. யாருகிட்டயும் காட்டாதீங்க."

பிறகு இடுப்பிலிருந்த சீட்டை எடுத்துக் கான்ஸ்டபிளிடம் நீட்டினேன். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். இது கொட்டகையில் எனக்குக் கொடுத்த அரிசி. தூக்கம் வந்ததால் கூடையில் வைத்திருக்கும்படி இவளிடம் நான்தான் கொடுத்தேன். தூக்கக் கலக்கத்தில் மறந்துபோய்க் கத்திவிட்டேன். தப்பு என்மேல்தான்.

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவளிடம் கேட்டார். "பெத்துல்கா?" உண்மையா என்று.

அவள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். சற்று முன்னால் திருடி என்று கத்தியவள் இப்போது வேறு என்னவோ சொல்கிறாள். இதை நம்புவதா வேண்டாமா என்று அவள் அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆமாம் என்றால் அவளுடைய அரிசி போய்விடும் என்பதும் அவளுக்குப் புரிந்திருக்கும்.

"பெத்துல்" என்றாள்.

சிப்பாய்க்கு விஷயத்தை விளக்கியதும் அவன் என்னை இரண்டு அறை அறைந்தான். இடது காதில் 'கொய்ங்' என்ற சத்தம் மூன்று நாள் போகவில்லை. என்னையும் அவளுக்குப் பக்கத்தில் மண்டிபோட வைத்து, இருவரையும் தலைக்குமேல் ஆளுக்கு ஒரு விறகுக் கட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர் ரயில் வந்து கடக்கும்வரை எங்கள் ரயில் கிளம்பாது. அரை மணி நேரம் இருக்கலாம். வெயில் இன்னும் தாழவில்லை. பெட்டியிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

எதிர் ரயில் வந்தது. சிப்பாய் கட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நீலத் துணி மூட்டையை எடுத்து என் கையில் திணித்தான். உன் அரிசியை எடுத்துக்கொண்டு போ என்கிறான். வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினேன். அவள் காலிக் கூடையோடு பிளாட்பாரத்தில் நின்றாள். ரயில் நகர்ந்தது. அந்த அண்ணன் என் பையையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டு அரிசியையும் மடியில் வைத்துக்கொண்டு லாயாங் லாயாங் வரை அழுதேன்.

வீட்டுக்கு வந்து என் பையிலிருந்து மகளுக்குக் கஞ்சி காய்ச்சினேன். அவள் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். நீல மூட்டையின் முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. மறுநாள் காலை அதைத் துண்டுக்குள் சுற்றி, வயிற்றோடு கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். பிடிபட்டால் இப்போது நான்தான் கள்ள அரிசிக்காரி. ரெங்கத்தில் அவள் ஏறவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தினமும் பயந்துகொண்டே கொண்டுபோய், பயந்துகொண்டே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஐந்தாம் நாள் ஏறினாள். உதட்டில் காயம் காய்ந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போய், முந்தானை மறைவில் மூட்டையைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் எடை பார்த்தாள். முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். தான் போட்ட முடிச்சு அப்படியே இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"லாக்கி சாக்கிட்" என்றாள். கணவனுக்கு உடம்பு சரியில்லையாம். அவனுக்காக வாங்கிய அரிசி. இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மூட்டையைக் கீரைக்கு அடியில் வைத்தாள். மன்னித்துவிடு என்பதற்கு மலாயில் எனக்கு வார்த்தை வரவில்லை, கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். கோபமாக அல்ல, பிரியமாகவும் அல்ல.

"லாயின் காலி, தாஞ்ஞா டூலு."

அடுத்த தடவை, முதலில் கேள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் பெட்டியின் மறுகோடியில் நின்றாள். ஜப்பான்காரன் தோற்றுப் போகும்வரை ஒரே ரயிலில்தான் போய் வந்தோம். பார்த்தால் தலையசைப்பாள், நானும் அசைப்பேன். பக்கத்தில் போக நான் துணியவில்லை, அவளும் கூப்பிடவில்லை. கணவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, அந்த நாட்களில் பட்ட பாட்டையெல்லாம் அவரிடம் சொன்னேன். இதை மட்டும் சொல்ல எனக்குப் பல வருடம் ஆனது.

பிறகு பொய் சொல்லி, அறை வாங்கி அவளைக் காப்பாற்றினாய் அல்லவா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் 'என் பையைப் பார்த்தாயா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காப்பாற்ற வேண்டிய நிலைமையே அவளுக்கு வந்திருக்காது என்பது, இத்தனை வயதாகியும் என் மனதை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.