கிளடிஸ் சுகப்படுத்திய கால்

கிளடிசுக்குக் கதை சொல்ல வரும் என்பது ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த மன்னார்ச் சனம் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் யாராவது ஒருவருடைய வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். அது முடிந்து தேத்தண்ணி வருவதற்குள் அவள் வேதாகமத்திலிருந்து ஒரு கதை சொல்ல வேண்டும். அவள் வாயில் யேசுவின் சீடர் இராயப்பர் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிற மனுசனாகிவிடுவார். காய்ச்சல் விட்டு எழும்பிய அவருடைய மாமியார் அடுப்பை மூட்டி விளைமீன் சொதி வைப்பார்.

"பைபிளில சொதி இல்லை," என்பார் அவளுடைய கணவர் யோசப்.

"எழும்பிப் பணிவிடை செய்தவ எண்டு கிடக்குத்தானே. பின்ன என்ன, பச்சைத்தண்ணியே குடுத்திருப்பா?"

சனம் சிரிக்கும். பக்கத்து மாடியில் இருந்த, பங்குத்தந்தையின் உறவுக்காரர் ஒருவர், சாமியின் பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட இவளிடம் தூங்குவதில்லை என்று சொல்லியிருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஹோட்டல்களின் துணி வெளுக்கும் ஒரு லோண்டரியில் பதினாறு வருசமாக வேலை. பெரிய மெசினிலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். தோள்மூட்டு இரண்டும் போய்விட்டன. வீட்டில் அப்பு இருந்தார். அவளுடைய தகப்பன் சவிரிமுத்து, எண்பத்திரண்டு வயது. பங்குனியில் அவருடைய நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்திருந்தார்கள். அதிர்ச்சியான செய்தி ஒன்றும் சொல்லக் கூடாது என்று டொக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

அந்த வருசத்தில் தமிழர் வீடுகளுக்கு வேறு என்ன செய்தி வந்தது? அவளுடைய ஒரே தம்பி லெஸ்லி, மனைவி செலீனையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்குள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து கொண்டிருந்தான். கடைசியாகப் போன் வந்தது தை மாதத்தில். வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லின. அதற்குப் பிறகும் போன் வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து, விடியக்காலை ஐந்தேகாலுக்கு, அவள் வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடும்போது வந்தது. செலீன்தான். செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய இரவல் போனில் பேசினாள். குரலில் அழுகை இல்லை.

"மச்சாள், நானும் பிள்ளையளும் இருக்கிறம். அவர் இல்லை. கஞ்சி வாங்க வரிசையில நிண்டவர். ஷெல் விழுந்தது. நான் போய்ப் பார்க்கேக்க உயிர் இல்லை. கடற்கரை மண்ணில தாட்டுப்போட்டு வெளிக்கிட்டிட்டம்."

"எப்ப?"

"வைகாசி பதினாலு. மச்சாள், போனைக் கேக்கினம். வைக்கிறன்."

கிளடிஸ் மற்றச் சப்பாத்தையும் போட்டாள். யோசப்பை எழுப்பிச் சொன்னாள். அவர் கட்டிலில் எழும்பி இருந்து அவளுடைய கையைப் பிடித்தார். "இண்டைக்கு வேலைக்குப் போகாதையும்," என்றார். அவள் போனாள். வீட்டில் இருந்தால் அப்புவின் முகத்தைப் பார்க்க வேண்டும். லோண்டரியில் மற்ற முனையைப் பிடித்த பிலிப்பீன்ஸ்காரி, மடிப்புக்கு மடிப்பு முன்னால் நடந்து வந்து முனையைத் தருவாள். இவளும் எதிரே நடக்க வேண்டும். அன்றைக்கு இவளுக்குக் கால் எழவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த மனுசி ஒன்றும் கேட்காமல் முழுத் தூரத்தையும் தானே நடந்து வந்தாள், மாலை மூன்று மணி வரைக்கும்.

பின்னேரம் அப்பு கதவடியிலேயே கேட்டார். "தம்பியின்ர சேதி ஏதும்?"

"செலீன் எடுத்தவ அப்பு. முகாமில இருக்கினம்."

"லெஸ்லி கதைச்சவனோ?"

கிளடிஸ் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள். "அவனுக்குக் கால்ல காயம். ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம்."

காயம் என்று சொன்னால் கொஞ்ச நாளில் மோசமாகிவிட்டது என்று சொல்லலாம், பிறகு மெல்ல மெல்ல மற்றதையும் சொல்லலாம் என்றுதான் அவளும் யோசப்பும் யோசித்து வைத்திருந்தார்கள். ஆனால் அப்பு சும்மா விடுகிற ஆளில்லை. எந்தக் கால் என்று கேட்டார். இடது என்றாள். முழங்காலுக்கு மேலேயா கீழேயா? கீழே. ஆர் சாப்பாடு குடுக்கினம்? பக்கத்துக் கட்டில்காரனின் தாய். அந்தத் தாய்க்கு ஒரு ஊர் வேண்டியிருந்தது, கொடுத்தாள். லெஸ்லிக்குக் காய்ச்சல் வந்தது. அப்பு அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளே காய்ச்சலை விடப் பண்ணினாள். மோசமாக்க வேண்டிய காலை அவளால் மோசமாக்க முடியவில்லை. புண் காய்ந்தது. ஊன்றுகோல் கிடைத்தது. மூன்றாம் கிழமை லெஸ்லி வார்ட்டின் வாசல் வரைக்கும் நடந்தான்.

எட்டு மணி நேரம் விரிப்பு மடித்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே அன்றைக்குத் தம்பி என்ன செய்தான் என்று யோசித்துக்கொண்டு வருவாள். முந்தி ஒரு கதையும் அவளை இப்படிக் களைக்க வைத்ததில்லை. தம்பிக்காக அழ அவளுக்கு ஒரு பொழுது கிடைக்கவில்லை.

"நீர் சொல்லேக்க எனக்கே அவன் இருக்கிறான் போலக் கிடக்கு," என்றார் யோசப் ஒருநாள். "நிப்பாட்டும் கிளடிஸ். இது பாவம்."

"எப்பிடி நிப்பாட்டிறது? நீங்கள் சொல்லுங்கோ, நான் நிப்பாட்டிறன்."

மகன் எழும்பி நடக்கிறான் என்று அப்பு தொலைபேசியில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். செபமாலைக் கூட்டத்தை நடத்துகிற அன்புராசா சந்தோசப்பட்டுப்போய், வருகிற வெள்ளி உங்கள் வீட்டில் நன்றிச் செபம் வைப்போம் என்றார். அந்தக் கூட்டத்தில் ஏழு குடும்பம் துக்கம் காத்துக்கொண்டிருந்தது. நல்ல செய்தி வந்த வீடு இது ஒன்றுதான். "லாசருவின்ர கதையைச் சொல்லுங்கோ அக்கா," என்றார். "உங்கட தம்பியும் செத்துப் பிழைச்ச மாதிரித்தானே."

மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். ஓம் என்றாள்.

ஆனி பத்தொன்பது. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். சோபாவை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்திருந்தது. அப்பு இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு முன்னால் கதிரையில் இருந்தார். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிந்தது. கிளடிஸ் தொடங்கினாள். படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரத் தம்பி, அவனைப் பார்க்கிற இரண்டு தமக்கைமார், யேசுவைக் கூட்டிவர அனுப்பின ஆள். இவர்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யேசு உடனே வெளிக்கிடவில்லை. இரண்டு நாள் அங்கேயே நின்றுவிட்டார். தம்பி செத்துப்போனான். அடக்கம் செய்து நாலு நாள் கழித்து அவர் வருகிறார். மூத்தவள் மார்த்தாள் ஓடிப் போய் வழியில் மறிக்கிறாள்.

"அவள் கேக்கிறாள், ஆண்டவரே, நீர் இங்க இருந்திருந்தால் என்ர தம்பி செத்திருக்க மாட்டானே."

அதோடு நின்றது. சனம் காத்துக்கொண்டிருந்தது. அடுத்து யேசு அவனைக் கல்லறையிலிருந்து உயிரோடு எழுப்புவார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"பிறகு?" என்றார் அப்பு.

"எனக்கு மிச்சம் சொல்ல ஏலாது அப்பு."

"ஏன்?"

"லெஸ்லி இல்லை. செத்து முப்பத்தாறு நாள்."

யோசப் எழும்பி அப்புவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால் தாங்கலாம் என்று. அப்பு சரியவில்லை. மகளையே பார்த்தார். முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அப்ப அந்தக் காலை ஏன் சுகப்படுத்தினாய்?"

கிளடிஸ் அழத் தொடங்கினாள். பெண்கள் வந்து கட்டிப் பிடித்தார்கள். ஒரு மாதம் பிந்தி அந்த வீட்டில் ஒப்பாரி எழும்பியது.

அப்பு பதினொரு நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் போட்ட சோற்றையும் தொடவில்லை. யோசப் போட்டால் சாப்பிட்டார். கோயிலில் மகனுக்குப் பூசை வைக்கப் பெயர் கொடுக்கத் தானே பஸ் ஏறிப் போனார். பன்னிரண்டாம் நாள், அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, அறைக்குள் இருந்து கூப்பிட்டார்.

"உண்மையா என்ன நடந்தது? நீ உன்ர கதை ஒண்டும் போடாமச் சொல்லு."

கட்டில் ஓரத்தில் இருந்து, செலீன் சொன்னதை அப்படியே சொன்னாள். வரிசை. ஷெல். போய்ப் பார்க்கேக்க உயிர் இல்லை. கடற்கரை மண்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அப்பு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். "பசிக்குது," என்றார்.

அதற்குப் பிறகு அவள் செபமாலைக்குப் போவாள், செபத்தைச் சொல்வாள், கதை சொல்லாமல் தேத்தண்ணி குடிப்பாள். இரண்டு மூன்று தரம் அன்புராசா கேட்டுப் பார்த்தார். "களைப்பா இருக்கு தம்பி," என்றாள். அது உண்மை. அப்பு இன்னும் இரண்டு வருசம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

செலீனும் பிள்ளைகளும் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஐப்பசியில் ரொறன்ரோ வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் மச்சாள்மார் இருவரும் கட்டிப்பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து செலீன் சோறு சாப்பிட்டாள், படுத்தாள். மறுநாள் மத்தியானமும் எழும்பவில்லை. சனம் பழங்களோடும் கேக்கோடும் வரத் தொடங்கியது. அங்கே என்ன நடந்தது என்று அவள் வாயால் கேட்க வேண்டும் எல்லாருக்கும். கிளடிஸ் அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். கதவை அரைவாசி திறந்து, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவ நித்திரை. எழுப்பேலாது. பிறகு ஒரு நாளைக்கு வாங்கோ."

"எப்ப வர?" என்று கேட்டாள் ஒருத்தி.

"தெரியாது," என்று சொல்லிவிட்டு, கேக்கை வாங்கிக்கொண்டு, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்தினாள்.