எந்தப் பரவாயில்லை?

என் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. ஒரகடம் பக்கத்தில் நான் வேலை செய்யும் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பிள்ளைகள் வாரத்தில் பாதி நாள் ஆலைக்குப் போவார்கள், பாதி நாள் வகுப்புக்கு வருவார்கள். வகுப்பு என்றால் உலோகம், மின்சாரம், வரைபடம், அளவுக் கருவிகள். இத்தனைக்கும் நடுவில் வியாழக்கிழமை மதியம், சாப்பிட்ட வயிறு கண்ணைச் சொக்க வைக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு மணி நேரம் தமிழ். கல்லூரியைத் தொடங்கியவர் ஆசைப்பட்டு வைத்துவிட்டுப் போன வகுப்பு அது. கதை படிப்போம், கவிதை படிப்போம், சில நாள் சும்மா பேசிக்கொண்டிருப்போம்.

போன பருவம் முடியப்போகும் சமயம் முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் முதலில் டீ வாங்கிக் கொடுத்துவிடுவார். மேஜைமேல் டீயைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“மேடம், அடுத்த செமஸ்டர்ல இருந்து உங்க வியாழக்கிழமை பீரியடை ஒர்க்‌ஷாப்புக்குக் குடுத்துடலாம்னு இருக்கோம். பசங்களுக்கு இன்னும் பிராக்டிஸ் வேணும்னு கம்பெனில சொல்றாங்க. கவிதை லேத் மிஷின் ஓட்டாது பாருங்க.”

“லேத்தும் கவிதை எழுதாது சார்” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது பிறந்ததிலிருந்தே வராது.

அவர் சிரித்துவிட்டார். ஆலையின் பயிற்சி அதிகாரி இந்த வாரம் கல்லூரிக்கு வருவதாகவும், என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும் என்றும் சொன்னார். எங்கள் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது அந்த ஆலைதான். அவர்கள் சொன்னால் சொன்னதுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். படப்பையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, மனை விற்பனைக் கொடிகள் படபடக்கிற இடத்தில் நின்று, குன்றத்தூர் பேருந்து வந்ததும் ஏறி உட்கார்ந்து, மறுபடி பொருமினேன். ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “பரவால்ல வுடு. சம்பளத்துலயா கை வைக்கிறாங்க?” என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவருக்குத் தோசை தீய்ந்துதான் கிடைத்தது.

ஒர்க்‌ஷாப் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவருடைய ஆலைச் சம்பளமும் சேர்ந்துதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. கையில் ஒரு தொழில் வந்த பிறகு பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் வாரம் முழுக்க அந்தப் பிள்ளைகள் சொல்வதெல்லாம் ‘ஓகே சார்’ மட்டும்தான். நீ என்ன நினைக்கிறாய் என்று அவர்களை யாராவது கேட்கிற நேரம் அந்த ஒரு மணி நேரம்தான். அது போய்விட்டால், போனதுகூட யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமைக்காகப் பிரமாதமான ஒரு கவிதையைத் தேடிப் பிடித்தேன். அதிகாரி அசந்துபோக வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று படித்துக்கூடப் பார்த்தேன்.

அவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். ஆலைக் காலணியோடு வந்து, யாரையும் பார்த்துச் சிரிக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்தார். நான் கவிதையை எடுத்தேன். ஏற்ற இறக்கத்தோடு நான் படித்துக்கொண்டிருக்க, வகுப்பில் ஒரு காதும் என் பக்கம் இல்லை. எல்லாரும் இரண்டு பேரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று, சேரப்பணஞ்சேரியிலிருந்து வருகிற பெண். முதல் பெஞ்ச், வாயாடி. இன்னொன்று, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன். ஆலையில் இருவருக்கும் ஒரே மிஷின். அவள் காலை ஷிஃப்டில் ஓட்டிவிட்டு வாய்மொழியாக விவரம் சொல்லிப் போவாள், மதிய ஷிஃப்டில் அவன் வாங்கிக்கொள்வான். எப்போதும் சேர்ந்தே கேலி பேசித் திரிபவர்கள், அன்று ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள்.

“என்ன, ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கீங்க?” என்றேன். அவ்வளவுதான், அணை உடைந்தது.

“மேடம், இவனால எனக்குத் திட்டு! லைனே நின்னுபோச்சு!”

“எம்மேல என்ன தப்பு? மிஷின் சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டேன். நீ பரவால்லன்னுதான சொன்ன? பொறவு நான் என்ன கனவா கண்டேன்?”

“பரவால்லன்னா பரவால்லதான்! நல்லாகீதுன்னா நல்லாகீதுன்னு சொல்ல மாட்டனா?”

விஷயம் இதுதான். முந்தின நாள் காலை மிஷினிலிருந்து ஏதோ இரைச்சல். பழுது பார்ப்பவர் வந்து பார்த்தபின் கொஞ்சம் அடங்கியது. ஆனால் போகவில்லை. அடங்கியிருக்கிறது, பார்த்து ஓட்டு என்பதற்கு அவள் ‘பரவால்ல’ என்றாள். சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அவன் முழு வேகத்தில் ஓட்டினான். சாயங்காலம் பேரிங் போயிற்று. யாருக்கும் அடி இல்லை. ஆனால் உற்பத்தி லைன் நின்றது. நின்ற லைனுக்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதர் இதோ என் கடைசி பெஞ்சில், முகம் இறுகிப்போய். என் வகுப்புக்கு அன்றோடு சங்குதான் என்று நினைத்தேன்.

கவிதையை மூடி வைத்தேன். எப்படியும் போகப்போகிற வகுப்புதானே என்று ஒரு துணிச்சல்.

“யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேணாம். பரவால்லன்னா என்ன அர்த்தம்? ஆளாளுக்குச் சொல்லுங்க.”

“கேன்டீன் சாம்பார் பரவால்லன்னா, நேத்துக்கு இன்னிக்குத் தேவலன்னு அர்த்தம் மேடம்.”

“பஸ்ல காலை மிதிச்சவன் சாரி சொன்னா பரவால்லன்றோமே, அதுக்கு வலிக்குது, நீ கெளம்புன்னு அர்த்தம்.”

“பொண்ணு பாத்துட்டு வந்து பரவால்லன்னா, வேணாம்னு அர்த்தம்!”

வகுப்பு அதிர்ந்தது. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். எழுத எழுத எனக்கே வியப்பாக இருந்தது. பாராட்டும் அதுதான், மன்னிப்பும் அதுதான், மறுப்பும் அதுதான்.

“அப்பம், முந்திக்கு இப்பம் கொறஞ்சிருக்கு, ஆனா போகலன்னு சொல்லிருக்கலாம்லா?” என்றான் பையன்.

“எந்த மாதிரி பரவால்லன்னு நீ கேட்டிருக்கலாம் இல்ல?” என்றாள் அவள்.

இரண்டுமே சரிதான். கடைசி பெஞ்சில் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் நிறுத்தி, பார்த்தீர்களா சார், தமிழ் ஒழுங்காக இருந்தால் மிஷின் ஒழுங்காக ஓடும் என்று முடித்திருந்தால் அவர் தலையாட்டியிருப்பார். என் புத்தியும் அந்தக் கணக்கைத்தான் போட்டது. அதற்குள் அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

“மேடம், இன்னொன்னு கீது.”

“சொல்லும்மா.”

“வூட்டுக்குப் போனா அம்மா டெய்லி கேக்கும், கம்பெனி எப்டிகீதுன்னு. நானும் டெய்லி பரவால்லம்பேன்.” பலகையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். “அது இதுல எதுவும் இல்ல மேடம்.”

“பின்ன எது?”

“நின்னுக்கினே இருந்து காலு கடுக்குது, வூட்டுக்கு வந்தாலும் சத்தம் தலைக்குள்ளயே கீதுன்னு சொன்னா, போனது போதும்னு நிறுத்திடும். எனக்கு அந்த மிஷின் புடிக்கும் மேடம். நிறுத்திடக் கூடாதுன்னு சொல்ற பரவால்ல அது.”

கையில் சாக்பீஸோடு நின்றேன், எழுத வரவில்லை. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

பையன்தான் முதலில் பேசினான். “எங்கம்மைட்ட போன்ல நானும் அதத்தாம் சொல்லுதேன். சாப்பாடு எப்படின்னு கேப்பா. பரவால்லம்மான்னுருவேன்.” அந்தப் பெண் அன்றைக்கு முதல்தடவையாக அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மிச்ச நேரம் முழுக்க ஒரே வேலைதான் செய்தோம். அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், வேலையையும் விடக் கூடாது. அதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். “காலு வலிக்குதும்மா, ஆனா வேலை புடிச்சிகீது” என்றாள் அவள். கால் வலி முதலில் வந்தால் அம்மா அதோடு நின்றுவிடுவாள் என்று வகுப்பே சண்டைக்கு வந்தது. ‘ஆனா’ என்ற சொல்லே வேண்டாம், அது பயமுறுத்துகிறது என்றான் ஒருவன். எத்தனையோ வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், ஒரு சொல் எங்கே நிற்க வேண்டும் என்று என் மாணவர்கள் இப்படி அடித்துக்கொண்டதில்லை. கடைசியில் அவளே எழுந்து சொன்னாள்: “வேலை எனக்குப் புடிச்சிகீதும்மா. காலுதான் வலிக்குது.”

மணி அடித்தது. வாசலில் முதல்வர் காத்திருந்தார். “எப்படி சார் இருந்துச்சு கிளாஸ்?” என்று அதிகாரியைக் கேட்டார்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே, “பரவாயில்லை” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கேட்டது: “எந்தப் பரவால்ல சார்?”

முதல்வருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். “நல்லா இருந்துச்சுன்ற பரவால்லப்பா” என்றார். முதல்வரிடம், “இந்த பீரியட் இருக்கட்டும் சார். ஒர்க்‌ஷாப்புக்கு வேற நேரம் பாத்துக்கலாம்” என்றார். நடக்கத் தொடங்கியவர் என் அருகில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். “என் பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா மேடம். டெய்லி போன்ல, பரவால்லப்பாங்கறா.” வராண்டாவின் கோடியில் நின்று அவர் போனை எடுத்துக் காதில் வைப்பதைப் பார்த்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண்ணும் பையனும் பழையபடி ஒரே பெஞ்சில் இருந்தார்கள். வீட்டில் சொன்னாயா என்று அவளைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. கேட்டேன்.

“சொன்னேன் மேடம். அம்மா சுடுதண்ணி வெச்சி, உப்பு போட்டு, காலை வைக்கச் சொல்லிச்சி. காலைல ஷிஃப்ட்டுக்கு டைம் ஆச்சுன்னு அதுவே எழுப்பி வுட்டுச்சி.”